மதுரை வெயிலில் நீரால் குளிரும் கணினி: ஒரு ரேடியேட்டர் போதுமா?

கேள்வி: ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலியும் 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டையும் கொண்டு, நீரால் குளிரும் விளையாட்டுக் கணினியை முதன்முறையாகத் திருநகர் வீட்டில் அமைக்கிறேன். ஏசி இல்லாத மாடியறையில், சித்திரை வெயிலுக்கு, நீரின் வெப்பத்தைக் காற்றில் விடும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று போதுமா?

மறுமொழி: போதாது, நண்பரே. நீர் வெப்பத்தை இடம் மாற்றுமே தவிர, அறைக்காற்றைவிடக் குளிர்ந்துவிடாது. ஆகவே அறையே 38 டிகிரியில் தகிக்கும் ஊரில் அத்தகைய ரேடியேட்டர்கள் குறைந்தது இரண்டு வேண்டும். கணினியைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுவது அதனினும் நல்லது.

மறுமொழி: செயலி, அட்டை மீது பொருத்தும் செம்புத் தகடுகளோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், இரு உலோகங்களும் ஒரே நீரில் இருப்பதால் அலுமினியம் கரையும் மின்வேதி அரிப்பு உண்டாகும். போர் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். வாளியில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்திருப்பீர்களே!

மறுமொழி: மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளின் அடியில் டிஷ்யூ தாள் விரித்து, 24 மணி நேரம் கசிவைச் சோதியுங்கள். நான் இரண்டே மணி நேரத்தில் அவசரப்பட்டு முடித்ததால் ஓர் அட்டையை இழந்தேன்.