ஃபுக்ரே இரண்டாம் பாகத்தில் குறைந்தது என்ன?

உப்புவெளி வாசகன்:
2013இல் வந்த ‘ஃபுக்ரே’ எங்கள் நண்பர் குழுவுக்கு மிகவும் பிடித்த ஹிந்திப் படம். உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த மாதங்களை மதகில் குந்தியிருந்தே கழித்த எங்களுக்கு, ஹன்னி, சூச்சா, லாலி, ஸபர் என்ற டெல்லியின் அந்த நான்கு உதவாக்கரைகளும் (‘ஃபுக்ரே’ என்பதன் பொருளே அதுதான்) அந்நியராகத் தெரியவில்லை. 2017இல் வெளியான ‘ஃபுக்ரே ரிட்டர்ன்ஸ்’ படத்தைச் சென்ற வாரம்தான் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் கூடியிருந்து பார்த்தோம். சிரித்தோம் என்பது உண்மை. ஆயினும் பாதியிலேயே இருவர் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். அதே இயக்குநர் மிருக்தீப் சிங் லாம்பா, அதே நடிகர்கள். அப்படியிருக்க, குறைந்தது என்ன?

நிலாவெளி வீதி:
என் கணிப்பில், முதற்படத்தைத் தாங்கிய அச்சாணி இரண்டாவதில் கழன்றுவிட்டது. சூச்சா காணும் அபத்தமான கனவுக்கு ஹன்னி பொருள் சொன்னால்தான் லொத்தர் எண் கிடைக்கும் என்பதே முதற்படத்தின் ஏற்பாடு. ஒருவனுடைய மடமையும் மற்றவனுடைய கெட்டித்தனமும் சேர்ந்தால்தான் ஒரு சதம் வரும். இரண்டாம் பாகத்திலோ சூச்சாவுக்கு வருங்காலக் காட்சிகள் தாமாகவே தோன்றுகின்றன. அதனால் சூச்சாவாக வரும் வருண் சர்மா படத்தையே தூக்கிச் செல்கிறார். ஹன்னிக்கு வேலை குறைந்து, லாலியும் ஸபரும் கூட்டத்தோடு ஓடுபவர்களாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று, முதற்படத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருந்தது. வினாத்தாளை முன்கூட்டியே பெற்றாவது கல்லூரிக்குள் நுழைய வேண்டும் என்ற ஆசையும், தந்தையின் மருத்துவச் செலவுக்குப் பணம் தேடும் ஸபரின் தவிப்பும் சிரிப்புக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டாவதில் சிறையிலிருந்து வெளிவரும் தாதாப் பெண் போலி பஞ்சாபனுக்குப் பயந்தே எல்லாம் நடக்கிறது. (‘போலி’ என்பது அந்தப் பெண்ணின் பெயர், தமிழில் எழுதினால் வீணாக அவரைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.) ரிச்சா சத்தா அந்தப் பாத்திரத்தை அருமையாகவே செய்திருக்கிறார். ஆனால் துரத்தப்படுகிறவனைவிட, தானாக ஒன்றை விரும்பிக் கெட்டுப்போகிறவன்தான் சிரிப்புக்கு உகந்தவன்.

மூன்றாம் ஒழுங்கை:
தம்பி சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் நால்வரும் வளராததைத்தான் நான் முதற்குறை என்பேன். ‘சென்னை 600028’ 2007இல் வந்தது. 2016இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் அதே நண்பர்களுக்குக் கலியாணம் முடிந்து, கிரிக்கெட் விளையாட மனைவியரைச் சமாளிக்க வேண்டிய நிலை. குறைகள் அதிலும் உண்டு, எனினும் கடந்துபோன காலம் அந்தப் படத்துக்குள் இருந்தது. ஃபுக்ரேயின் நால்வரோ நான்கு வருடத்துக்குப் பிறகும் அதே மதகில்தான் இருக்கிறார்கள்.

கடற்கரைப் பக்கத்தார்:
அண்ணா, வளர்ந்துவிட்டால் அவர்களுக்கு அந்தப் பெயரே பொருந்தாதே! வாசகன், நீங்கள் துணைவரிகளோடுதான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கல்லூரிக் காவலாளி பண்டிட்ஜியாக வரும் பங்கஜ் திரிபாதியின் நகைச்சுவையில் பாதி, அவர் சொற்களை உச்சரிக்கும் மிடுக்கில் இருக்கிறது. வரியை வாசித்து முடிப்பதற்குள் அது போய்விடும்.

உப்புவெளி வாசகன்:
துணைவரிகளோடுதான் பார்த்தோம். கைத்தொலைபேசியை எடுத்த இருவரும் பண்டிட்ஜி வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தது இப்போது நினைவுக்கு வருகிறது. 2023இல் வந்த மூன்றாம் பாகத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாக இருக்கிறோம். இம்முறை ஹிந்தி தெரிந்த ஒருவரையும் கூட்டி வந்து நடுவில் இருத்தப் போகிறோம்.