புதுப்பிப்பு: மாடித்தோட்டத்துக்குப் புத்தகம் வாங்கலாமா?

மாடித்தோட்டம் தொடங்கப் புத்தகம் வாங்கலாமா, யூடியூப் போதுமா என்று போன கோடையில் கேட்டிருந்தேன். பாதிப் பேர் காசு தண்டம் என்றீர்கள். இருந்தாலும் இரண்டு வாங்கினேன்: ஒன்று தமிழில், மெலிசாக, இன்னொன்று இங்கிலாந்தில் அச்சான வழவழ தாள் புத்தகம்.

ஆங்கிலப் புத்தகம் படம் பார்க்க அருமை. ஆனால் கடைசி உறைபனி முடிந்ததும் தக்காளி நாற்றை வெளியே நடச் சொல்கிறது. சென்னையில் உறைபனிக்கு எங்கே போக? நாள் முழுக்க வெயில் வேண்டும் என்பதும் அங்கேதான் சரி. நம் மே மாத மொட்டைமாடியில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ காய் பிடிக்காமல் உதிர்கிறது.

கைகொடுத்தது தமிழ்ப் புத்தகம்தான். எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்று ஒரே பக்கத்தில் அட்டவணை இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் வெண்டை, அவரை, கத்தரி போட்டேன். வெண்டை நன்றாகவே காய்த்தது. பூச்சிக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும் என்று காரணமும் போட்டிருக்கிறார்கள். வீடியோக்களில் "கொஞ்சம் ஊத்துங்க" என்பதோடு சரி.

ஒரு குறை: மாவுப்பூச்சியை அதன் கருப்பு வெள்ளைப் படத்தில் அடையாளமே தெரியவில்லை. அதற்கு யூடியூப்தான்.

அப்புறம், அந்த ஆங்கிலப் புத்தகம் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.