கார் ஆயிலை வேவ் பைக்ல ஊத்திட்டேன், மேடு ஏற மாட்டேங்குது

மோல்மேன் முறுக்கு:
பழைய ஹோண்டா வேவ் 125. காலையில முறுக்கு டின் ரெண்டைக் கட்டிக்கிட்டு டீக்கடை டீக்கடையா போடுறது என் பொழைப்பு. போன வாரம் ஆயில் மாத்தினப்ப மச்சான் காருக்கு வாங்கி மிஞ்சின 5டபிள்யூ-30 இருந்துச்சு. விலை கூடின சாமான், வீணாப் போகுதேன்னு ஊத்திட்டேன். இப்போ இங்க பர்மா மோல்மேன்ல சைத்தன்லன் பகோடா மேட்டுல இஞ்சின் கத்துது, வண்டி நகரல. கிளட்ச் பிளேட் மாத்தணும்கிறார் ஒரு மெக்கானிக். இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊத்தினா சரியாகுமா அண்ணே?

பெகு ஸ்பேனர்:
தம்பி, பிளேட்டுக்கு இப்பவே காசு எடுக்காதே. கியர் கார்ல கிளட்ச் ஆயில் படாம தனியா நிக்கும். உன் வண்டியில இஞ்சின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். கை லீவர் இல்லாததால வேவ்ல கிளட்சே இல்லைன்னு நெனைக்கிறவங்க உண்டு. உள்ளே பிளேட் நனைஞ்சுக்கிட்டுதான் கிடக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கணும்னு கார் ஆயில்ல வழுவழுப்புக்கு மருந்து சேர்க்கிறாங்க. பிளேட்டுக்கு அது பாசி பிடிச்ச படிக்கட்டு மாதிரி.
தடிமன் கூட்டினா இது தீராது. டப்பாவுல 'ஜாசோ எம்ஏ' இல்லே 'எம்ஏ2' இருக்கான்னு பாரு, ஆயில்ல நனையுற கிளட்சுக்கான ஜப்பான் தர முத்திரை அது. 'எம்பி'ன்னா பெல்ட்ல ஓடுற ஸ்கூட்டருக்கு, தொடாதே. 10டபிள்யூ-30 போதும், 10டபிள்யூ-40-ம் பரவாயில்லை.
இன்னொண்ணு, ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவுத்துடாதே. வடிச்சு மாத்தினா சுமார் 0.7 லிட்டர்தான் பிடிக்கும். வண்டியை நேரா நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கிற குச்சியைத் திருகாம சும்மா உள்ளே வச்சுப் பார்க்கணும். திருகிப் பார்த்துட்டு ஆயில் கூடுதல்னு என்கிட்ட வந்தவங்க எத்தனையோ பேர்.

தட்டோன்காரன்:
அண்ணன் சொன்னதுதான். வடிக்கிறப்ப நிறத்தையும் பாரு. பால் டீ மாதிரி இருந்தா மழைத்தண்ணி புகுந்திருக்கு. டப்பா மூடி சீலையும் பாத்து வாங்கு, காலி டப்பாவுல கண்டதை நிரப்பி விக்கிறாங்க. ரங்கூன்காரங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 2003-லேருந்து ஊருக்குள்ள மோட்டார் சைக்கிளுக்கே தடை!

மோல்மேன் முறுக்கு:
எம்ஏ ஆயில் ஊத்தினேன் அண்ணே. ரெண்டு நாளா இன்னும் லேசா வழுக்குது.

பெகு ஸ்பேனர்:
பழைய ஆயில் பிளேட்டுல ஊறியிருக்கும். 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை மாத்து. அதுக்கு மேலயும் வழுக்கினா பிளேட் கருகிப் போச்சுன்னு அர்த்தம். அப்போ அந்த மெக்கானிக்கிட்டேயே போ.

மோல்மேன் முறுக்கு:
மாத்தினேன். இன்னிக்குக் காலையில ரெண்டு டின்னோட மூணாவது கியர்ல ஏறிடுச்சு. மச்சான் மிச்ச ஆயில் எங்கேன்னு கேக்கறான்.