எட்டு மா நிலமா, இன்னும் இரண்டு ஆண்டு ஒப்பந்தமா?

மன்னார்குடி டீச்சர்: வணக்கம். வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். மேலும் இரண்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திடுவதா என்று வியாழக்கிழமைக்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும். ஊரில் எங்கள் வயலை ஒட்டிய எட்டு மா நிலம் (மா என்பது எங்கள் ஊர் நில அளவு) விலைக்கு வந்திருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் கைநழுவிவிடும் என்று அப்பா தினமும் அழைக்கிறார். வயது 36, ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. என்ன செய்யட்டும்?

வலங்கைமான் பெரியவர்: அம்மா, நான் 1996-இல் மஸ்கட்டில் இறங்கியபோது ஓர் அறையில் எட்டுப் பேர், முதல் மூன்று மாதம் குபூஸ் ரொட்டியும் பருப்பும்தான், வீட்டுக் கடிதம் வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதையெல்லாம் தாங்கிச் சேர்த்த பணத்தில் இன்று மிஞ்சியிருப்பது நிலம் மட்டுமே. யோசிக்காமல் வாங்கு. வேலையை நீயாக விட்டால் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) மூன்றில் ஒரு பங்குதான் தருவார்கள், நினைவிருக்கட்டும்.

குடவாசல் தம்பி: ஐயா மன்னிக்க வேண்டும், நிலம் ஓய்வூதியம் ஆகாது. 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2018-இல் கஜா புயல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்னைகளை என்ன செய்தது என்று அக்காவுக்கே தெரியும். நான் தாய்லாந்தில் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் சம்பளம் பேசுகிறார்கள். இலக்கணப் பிழையோடு பேசும் வெள்ளைக்காரருக்கு என்னைவிட அதிகம்.

வலங்கைமான் பெரியவர்: அன்றும் அப்படித்தான் தம்பி. இதில் முகவருக்கு வேறு கொட்டிக் கொடுத்தோம்.

நாச்சியார்கோயில் அக்கா: புலம்பலை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்வோம். தங்கச்சி, எந்த நாடு, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஊரில் முன்பு வேலை பார்த்தாயா, இந்தியாவில் எந்த வகை வங்கிக் கணக்கு இருக்கிறது? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மன்னார்குடி டீச்சர்: மன்னியுங்கள் அக்கா. ஷார்ஜா. மொத்தம் 4,500 திர்ஹம், அதில் அடிப்படை 2,000. இந்த மாதத்தோடு இரண்டு ஆண்டு முடிகிறது. ஊரில் தனியார் பள்ளியில் ஏழு ஆண்டு இருந்தேன், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தார்கள். சம்பளத்தைப் பழைய சேமிப்புக் கணக்குக்கே அனுப்புகிறேன்.

நாச்சியார்கோயில் அக்கா: முதலில் நிலம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நாம் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வீடும் மனையும் வாங்கலாம், பரம்பரையாக வரும் வயலை வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குப் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்து அவர் பெயரில் வாங்கினால் அது அவர் சொத்து, உயில் எழுதாவிட்டால் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அதற்குச் சம்மதமானால் மட்டும் முன்பணம் கொடு.

மூன்றில் ஒரு பங்கு என்று ஐயா சொன்னது அமீரகத்தின் பழைய சட்டம். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தக் குறைப்பு இல்லை. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேல் 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. உனக்கு இன்றைக்கு 2,800 திர்ஹம் வரும். ஆகவே வியாழக்கிழமை மொத்தத் தொகையை உயர்த்தக் கேட்பதைவிட அடிப்படையை உயர்த்தக் கேள். அதை 3,000 ஆக்கினாலே பணிக்கொடை கூடும், ஏனென்றால் எப்போது விலகினாலும் கடைசி அடிப்படையை வைத்துத்தான் முழுக்காலத்துக்கும் கணக்கிடுவார்கள்.

சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுது, சம்பளத்துக்குப் புதிதாக என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானத்துக்கான) கணக்கு திற, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு வேண்டும், உனக்கு ஏழுதான். அந்த ஓய்வூதியப் பங்கை எடுத்துவிடாமல் படிவம் 10சி-யில், வேலை பார்த்த ஆண்டுகளைப் பதிவு செய்யும் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கு. திரும்பி வந்து மூன்று ஆண்டு வேலை பார்த்தால் அந்த ஏழும் கூடச் சேரும். ஓய்வூதியமே இல்லை என்று நீ எழுதியது முழுச் சரியில்லை.

குடவாசல் தம்பி: அக்கா சொல்வது சரி. இதனுடன் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியையும் முடித்தால் மொழிப் பயிற்சி மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். பள்ளி ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம்.

மன்னார்குடி டீச்சர்: நன்றி அக்கா. அடிப்படைச் சம்பளம் பற்றி நாளையே கேட்கிறேன். என் உடன்பிறந்த தம்பிக்கும் பங்கு வரும் என்பதை அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

வலங்கைமான் பெரியவர்: சட்டம் மாறியது எனக்குத் தெரியாது அம்மா, பொறுத்துக்கொள். அது இருக்கட்டும், அந்த எட்டு மா எந்த வாய்க்காலில் பாய்கிறது?