இலையுதிர்காலக் காட்டுப் படம், நம்ம மலையில: மனசுல நிக்கிற ஒரு ஃப்ரேம் சொல்லுங்க

பொருநைக்கரை:
திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலை மலையில, நாலுமுக்கு தாண்டி ஊத்து போற வழி. மழை இப்பதான் விட்டிருக்கு. ரோட்டோரம் ஒரு பெரிய மரம், பின்னால சரிவு முழுக்கக் காடு. மேகம் இறங்க ஆரம்பிச்சதும் பின்னால நின்ன தண்டெல்லாம் ஒவ்வொண்ணா வெளிறி, முன்மரம் மட்டும் கறுப்பாத் தனியா வந்துது. அப்படி நின்னது ஒரு நிமிஷங்கூட இருக்காது. அப்புறம் மொத்தமும் வெள்ளை.

அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள எதையும் மாத்த நேரம் இருக்காது. மேகம் வரும்முன்ன ட்ரைபாட் நிக்கணும், 70–200 மி.மீ. ஜூம் லென்ஸ் 100 பக்கம், அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, முன்தண்டுல ஃபோகஸ் பிடிச்சு மேனுவலுக்கு மாத்தி வச்சிரணும். மேகத்துக்குள்ள ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். எக்ஸ்போஷரை (படத்துல பதியுற வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப்புல இருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), இல்லன்னா கேமரா வெள்ளை மேகத்தைச் சாம்பலாக்கிரும். தண்டுக்கும் தண்டுக்கும் நடுவுல இடைவெளி தெரியுதான்னு பாருங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனா அரையடி தள்ளி நின்னாப் போதும், பிரிஞ்சிரும்.

அம்பை ஆத்துமணல்:
அண்ணாச்சி, தலைப்புல இலையுதிர்காலம்னு போட்டிருக்கீங்க. ஐப்பசி, கார்த்திகையில நமக்கு வடகிழக்கு மழைலா? நம்ம சரிவு கிழக்கு பாத்து இருக்கு, மழை நேரா வந்து மோதும். வெளிநாட்டுப் படத்துல வர்ற மஞ்சளும் சிவப்பும் அந்த நேரத்துல இங்க கிடையாது. நமக்குக் கிடைக்கது ஈரம். அதை எடுக்கத் தெரிஞ்சாப் போதும்.

பாபநாசம் ஆத்தங்கரை மருத மரத்துல பாத்தது இன்னும் கண்ணுல இருக்கு. நனைஞ்ச தண்டு, மேல முழுக்க வானத்தோட வெள்ளைப் பளபளப்பு. லென்ஸ் முன்ன மாட்டுற போலரைசர் ஃபில்டரைத் திருப்பத் திருப்ப அந்த வெள்ளை விலகி, பட்டை உரிஞ்ச இடத்துல அடியில இருந்த இளஞ்சிவப்பு வெளிய வந்துது. எடிட்டிங்ல எந்த ஸ்லைடரை இழுத்தாலும் அது வராது. பளபளப்பு மூடுன இடத்துல நிறமே பதிவாகியிருக்காது.

ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்துக்குத் தக்கபடி படத்து நிறத்தைச் சரிக்கட்டுற அமைப்பு) ஆட்டோவுல வைக்காதீங்க. மேல இருந்து விழுற பச்சை வெளிச்சத்தைச் சரிக்கட்டுதேன்னு அது பட்டைக்கு ஊதா ஏத்தும். 5500 கெல்வின்ல பூட்டிட்டா அடுத்தடுத்த படமெல்லாம் ஒரே சீரா இருக்கும்.

கல்லிடை வெயில்:
போலரைசர் சரி, ஆனா முழுசாத் திருப்பக் கூடாது அண்ணாச்சி. இலையில இருக்க எல்லா மினுக்கும் போயிட்டா மழை பெஞ்ச காடுன்னே தெரியாது, இலை அட்டை மாதிரி கிடக்கும். முக்கால்வாசியில நிறுத்துங்க. வெளிச்சமும் ஒண்ணு, ஒன்றரை ஸ்டாப் குறையுதுல்லா, அதையும் கணக்குல வைக்கணும்.

அகஸ்தியர் அருவி பக்கத்துல ஒரு கொப்பு, பாறையை ஒட்டித் தண்ணிமேல நீண்டு நிக்கி. சாரல் காத்துல இலை ஆடிக்கிட்டே இருக்கு. தண்ணி பாலா வழியுற மாதிரி தெரிய அரை செகண்ட் ஷட்டர் வேணும், இலைக்கு அது ஆகவே ஆகாது. ட்ரைபாட்டை அசைக்காம ரெண்டு படம் எடுக்கணும்: ஒண்ணு ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்வு அளவு) 100, அரை செகண்ட். இன்னொண்ணு அதே அபெர்ச்சர், ஐஎஸ்ஓ 3200, 1/60. அப்புறம் எடிட்டிங்ல மாஸ்க் போட்டு (வேண்டிய இடத்தை மட்டும் காட்டி மத்ததை மறைச்சு) இலையை ரெண்டாவதுல இருந்து எடுத்துக்கலாம்.

தேக்கங்காடு:
ஆத்துமணல் சொல்லுததை ஒத்துக்க மாட்டேன். இலையுதிர்காலம் நமக்கும் உண்டு, மாசம்தான் வேற. முண்டந்துறை ரோட்டுல தை முடிஞ்சு தேக்கைப் பாருங்க. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால சீக்கிரமே இறங்கிரும். அதுக்குக் கொஞ்சம் முன்ன, ஓட்டை விழுந்த பழுப்பு இலை ஒண்ணு கொப்புல ஒத்தையாத் தொங்குது, பின்வெளிச்சத்துல நரம்பெல்லாம் எரியுது. அதை விடவா நிறம் வேணும்?

இங்க கெடுக்கது ரெண்டு. மொட்டைக் கொப்புக்கு நடுவுல வெள்ளை வானம் ஓட்டை ஓட்டையாத் தெரியும், கண்ணு அங்கதான் ஓடும். லென்ஸைக் கீழ சாய்ச்சு, சரிவையே பின்னணியாக்கி வானத்தை வெளிய தள்ளணும். அடுத்து, பின்வெளிச்சப் பழுப்புல சிவப்புச் சேனல் (சிவப்பு நிறப் பதிவு) முதல்ல வெடிக்கும், அதாவது அளவு மீறி விவரம் போயிரும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டுற வரைபடம்) நல்லாத்தான் காட்டும், அதை நம்பாம சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக் காட்டுற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பாருங்க. ரோட்டை விட்டு இறங்காதீங்க, அது புலிகள் காப்பகம்.

மழைக்கோட்டு:
ஒரு லென்ஸை டார்ச் அடிச்சுப் பாத்தப்ப உள்கண்ணாடி ஓரத்துல சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை படர்ந்திருந்துச்சு. பூஞ்சை. அந்தக் காட்சிதான் என்னை இதை எழுத வைக்குது. இங்க யாரும் கேக்கலை, ஆனாலும் சொல்லுதேன்.

மலையில இருந்து இறங்குனதும் ஈரப் பைக்குள்ள கேமராவைப் போட்டு மூடி வைக்கதுதான் ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் வெளிய எடுத்து, துடைச்சு, ஃபேன் காத்துல நல்லா ஆறவிட்டுட்டு அப்புறம் பெட்டியில வைங்க. ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40–50 சதவீதத்துல நிக்கணும். 60 தாண்டுனா பூஞ்சைக்கு வசதி. ரொம்பக் காய வைக்கவும் கூடாது, 30க்குக் கீழ போய்க் கிடந்தா ரப்பரும் உள்ள இருக்க எண்ணெயும் கெடும். நிறம் மாறுற ஜெல்லுன்னா நீலம் ரோஸானதும் ஓவன்ல 120 டிகிரி வச்சு ரெண்டு மணி நேரம் காய வையுங்க, திரும்ப நீலமாகும்.

ஏசி காரை விட்டு இறங்குன உடனே பையைத் திறக்காதீங்க. குளிர்ந்த கண்ணாடியில வெளி ஈரம் படியும். அரை மணி நேரம் ஜிப்பு மூடியே இருக்கட்டும். போற வழியிலேயே ஏசியை அணைச்சு ஜன்னலை இறக்கிட்டா காத்திருக்கவே வேண்டாம். பூஞ்சை பிடிச்ச லென்ஸை மத்த லென்ஸோட ஒரே டப்பாவுல போடாதீங்க.

பொருநைக்கரை:
மழைக்கோட்டு அண்ணாச்சி, ஏசி விஷயம் உபயோகமா இருக்கு. கல்லிடை, உங்க ரெண்டு பட வழி அருவிக்குச் சரி. மேகம் நகருற இடத்துல சரிப்படாது. ரெண்டாவது படத்துக்குள்ள மேகம் வேற தண்டுல போயிருக்கும், ஒட்டுன இடம் அப்பட்டமாத் தெரியும். அங்க ஐஎஸ்ஓ 800, 1/60னு ஒரே படத்துல முடிச்சிரணும். போலரைசரையும் கழட்டிருங்க, மேகத்துக்குள்ள வெளிச்சத்தைத் தின்னுததைத் தவிர அதுக்கு வேலை இல்லை.