கண்டாங்கித் துணியில் தைத்த குர்தா: கையைத் தூக்கினால் உடுப்பு முழுவதும் மேலே ஏறுகிறது. வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். நானே அளவெடுத்து, பிரவுன் தாளில் வரைந்து, வெட்டித் தைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பாவாடை, நைட்டி, பாப்பாவின் கவுன் எதிலும் சிக்கல் வந்ததில்லை. குர்தாவில்தான் கை சண்டித்தனம் செய்கிறது.

அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம் போட்ட புதுக் கண்டாங்கிச் சேலை ஒன்றைக் குர்தாவாக்கினேன். சேலையின் கரை குர்தாவின் கீழ்விளிம்பில் வரும்படி வைத்து வெட்டினேன். பார்க்க அழகாக இருக்கிறது. போட்டுக்கொண்டு சும்மா நின்றால் குறை ஒன்றும் தெரியாது. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ஊறுகாய்ச் சாடியை எடுக்கக் கை நீட்டினால் இடுப்பு வரை துணி ஏறிவிடுகிறது. மேற்கையில் குறுக்காக இழுத்துப் பிடிக்கிறது.

என் அளவுகள், அங்குலத்தில்: மார்பு 36, மேற்கைச் சுற்று 12. குர்தாவின் மார்புச் சுற்று 40 வைத்தேன். தோள் முனையிலிருந்து கைக்குழி ஆழம் 8. குழியின் மொத்தச் சுற்று 18. கைத்துண்டின் மேல்வளைவு உயரம் 6½.

எங்கள் தெருவில் தைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் காட்டினேன். கைக்குழி போதவில்லை என்று சொல்லி ஓர் அங்குலம் கீழே வெட்டினார். சுற்று 20 ஆயிற்று. அதற்கு ஏற்ப மிச்சத் துணியில் கையை மறுபடி வெட்டி, வளைவை 7½ ஆக்கினார். மேற்கையில் பிடிப்பு சற்றுக் குறைந்தது. உடுப்பு ஏறுவதோ முன்னைவிட மோசம். துவைத்த பிறகு மார்பிலும் இறுக்கம் தெரிகிறது. எங்கே தவறுகிறது?

நூல்கண்டு, தேவகோட்டை

அக்கா, கைக்குழியை இன்னும் அரை அங்குலம் இறக்கிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியாயிற்று.

கத்தரி, காரைக்குடி

தயவுசெய்து இறக்காதீர்கள். கத்தரியைக் கீழே வையுங்கள் அம்மா.

தையல் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. குழியை ஆழப்படுத்தினால் தாராளம் வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கையை உயர்த்தும்போது உடம்பில் நீளுவது அக்குளுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுப் பகுதி. கைத்தையலும் பக்கத்தையலும் சந்திக்கும் புள்ளி அக்குளை ஒட்டி இருந்தால், கை உயரும்போது அந்தப் புள்ளியும் கையோடு உயரும், உடுப்பு இருந்த இடத்தில் இருக்கும். அந்தப் புள்ளி இரண்டு அங்குலம் கீழே தொங்கினால், கையின் அடிப்பக்கத் துணி உடுப்பைப் பிடித்துத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு நடப்பது அதுதான்.

அக்குள் இறுக்கமாக உறுத்துகிறது, தோல் சிவக்கிறது என்றால் குழியை இறக்கலாம். தேவகோட்டைத் தங்கைக்கு அப்படி இருந்திருக்கும். உடுப்பு ஏறுகிறது என்றால் குழியை உயர்த்த வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்.

அடுத்தது கையின் மேல்வளைவு. இதை நிதானமாகப் படியுங்கள். கைக்குழியின் சுற்றில் பாதியை எடுங்கள். கைத்துண்டின் உச்சியிலிருந்து அக்குள் மூலை வரை இழுக்கும் சாய்கோட்டின் நீளம் ஏறத்தாழ அதுதான். சாய்கோடு மாறாது. அப்படியானால் உயரத்தைக் கூட்டினால் அகலம் குறையும், உயரத்தைக் குறைத்தால் அகலம் கூடும். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான், வேறொன்றும் இல்லை. உயரக்கோட்டின் இரு புறமும் ஒவ்வொரு முக்கோணம், இரண்டின் அடிப்பக்கமும் சேர்ந்ததுதான் கையின் அகலம்.

உங்கள் முதல் வரைவில் சுற்று 18, பாதி 9. உயரம் 6½ என்றால் கையின் அகலம் 12½கூட வராது. மேற்கையோ 12. அரை அங்குலம்கூடத் தளர்வில்லாத கைக்குள் யாரால் சாடி எடுக்க முடியும்? இரண்டாம் முறை சுற்று 20, பாதி 10, உயரம் 7½. அகலம் 13¼ கிடைத்தது. அதனால்தான் பிடிப்பு தளர்ந்தது. ஆனால் வளைவு இன்னும் உயர்ந்துவிட்டது. வளைவு உயர உயர, கை கீழே தொங்கும்போது மட்டுமே அழகாக நிற்கும். அது கோட்டுக்கு உரிய வெட்டு. அடுக்களையில் வேலை செய்கிறவருக்கு ஆகாது.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு அக்குளையும் தொட்டு மார்பைச் சுற்றி, தரைக்கு இணையாக ஒரு நாடா கட்டுங்கள். பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து அந்த நாடா வரை முதுகில் அளக்கச் சொல்லுங்கள். அதோடு முக்கால் அங்குலம் சேர்த்தால் முதுகுப் பக்கக் கைக்குழிக் கோடு கிடைக்கும். மார்பளவை வகுத்துக் கூட்டிச் சொல்லும் சூத்திரங்களைவிட இது நம்பகமானது. ஒரே மார்பளவுள்ள இரண்டு பேருக்குத் தோள் சரிவும் முதுகு நீளமும் ஒன்றாக இருப்பதில்லையே. உங்கள் அளவுக்குத் தோள் முனையிலிருந்து 7, 7¼ போல வரும் என்று நினைக்கிறேன். குழிச் சுற்று 17 அருகே நிற்கும்.

பாதி 8½. வளைவு உயரம் 5¾ வைத்தால் அகலம் 12½. 4¾ வைத்தால் 14. 4 வைத்தால் 15. நான் 4¾ வைப்பேன்.

பள்ளத்தூர்க்காரி

அண்ணன், இப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை. மிக்க நன்றி. தாளில் முக்கோணம் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அகலமே வருகிறது. பட்டாசாலையின் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில்தான் தாளை விரித்து வரைவேன். கல்லின் இணைப்புக்கோடு மூலைமட்டத்துக்கு உதவும். கையால் செய்த கல் என்பதால் மயிரிழை பிசகும், கடைசியில் மூலைமட்டப் பலகையால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வேன்.

வளைவைக் குறைத்தால் தோளில் சுருக்கம் விழாதா?

கத்தரி, காரைக்குடி

தோளில் விழாது. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அக்குளருகே இரண்டொரு மடிப்பு விழும். கை தூக்கவும் வேண்டும், மடிப்பும் கூடாது என்றால் நடவாது. புகைப்படத்துக்கு நிற்கும் உடுப்பா, புழங்கும் உடுப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. வளைவின் நீளம் குழியைவிடக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை கூடுதலாக இருந்தால் போதும். கம்பளித் துணியில் அதற்கு மேல் வைத்தாலும் ஆவி காட்டி அடக்கிவிடலாம். கண்டாங்கி போன்ற நெருக்கமான பருத்தி அடங்காது, கொசுவம் கொசுவமாக நிற்கும்.

தறிவீடு

கை விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. துவைத்த பிறகு மார்பு இறுகியது பற்றி யாரும் கேட்கவில்லையே. வெட்டுவதற்கு முன் சேலையை நனைத்தீர்களா?

பள்ளத்தூர்க்காரி

இல்லை. மடிப்பு போக இஸ்திரி மட்டும் போட்டேன். சாயம் போய்விடுமோ என்ற பயம்.

தறிவீடு

நினைத்தேன். சேலையில் கரை எந்தத் திசையில் ஓடுகிறது? நீளவாக்கில், அதாவது பாவு நூலோடு. நீங்கள் கரையைக் குர்தாவின் கீழ்விளிம்புக்குக் கொண்டுவந்தபோது பாவு நூல் உடம்பைச் சுற்றிப் படுத்துவிட்டது. பாவு தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டப்படுவது, கஞ்சி ஏற்றியது. முதல் நனைப்பில் கஞ்சி கரைந்து, விறைப்பு தளர்ந்து, நூல் சுருங்கும். துவைக்காத பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்குவது சாதாரணம். 40 அங்குலச் சுற்றில் 3 பங்கு என்றாலே ஓர் அங்குலத்துக்கு மேல் போயிற்று.

சுருங்காவிட்டாலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாவுத் திசையைவிட, அதற்குக் குறுக்கே ஓடும் ஊடைத் திசைதான் பொதுவாகக் கொஞ்சம் நெகிழும். வழக்கமாக வெட்டும் உடுப்பில் அந்த நெகிழ்வு மார்பைச் சுற்றிக் கிடைக்கும். கரைக்காகத் திருப்பி வெட்டினால் அது நெட்டுவாக்கில் போய்விடும். அதற்கு ஈடாக, சேலையைத் திருப்பி வெட்டும்போது மார்புச் சுற்றில் இன்னும் ஓர் அங்குலம் சேர்ப்பது நல்லது. கரையை இழக்கச் சொல்ல மாட்டேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையை எடுத்து, கரையை உள்ளே மடித்துத் தைத்தால் எங்களுக்கு வயிறு எரியும்.

அடுத்த முறை துணியின் ஓரத்தில் 20 அங்குலச் சதுரம் ஒன்றை நூலால் குறித்துவிட்டு, தனியாகக் குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவிடுங்கள். அலசி நிழலில் காயவைத்து, ஈரம் சற்று இருக்கும்போதே தேய்த்து, அந்தச் சதுரத்தை மறுபடி அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு போயிற்று என்று அதுவே சொல்லிவிடும். முதல் நனைப்பில் கொஞ்சம் சாயம் வரத்தான் செய்யும். அது வெட்டும் முன்பே வரட்டும்.

பள்ளத்தூர்க்காரி

இப்போது புரிகிறது. வெட்டிய குர்தாவை என்ன செய்வது? வெட்டிய துணி வெட்டியதுதானே. முந்தியில் சாண் அகலத் துண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது.

கத்தரி, காரைக்குடி

அது போதும். அக்குளில் சதுரத் துண்டு வையுங்கள். பழைய ஜிப்பாக்களில் பார்த்திருப்பீர்களே.

கைத்தையலும் பக்கத்தையலும் சந்திக்கும் இடத்திலிருந்து கைப்பக்கம் 3 அங்குலம், உடம்புப் பக்கம் 3 அங்குலம் தையலைப் பிரியுங்கள். முந்தியை முதலில் நனைத்துக் காயவையுங்கள், அது சுருங்கி மறுபடி ஒரு வம்பு வேண்டாம். தையல் இடம் நீங்கலாக 3 அங்குலச் சதுரமாக, நூலோட்டத்துக்கு நேராக வெட்டுங்கள். ஒரு மூலை கைத்தையல் பிரிந்து நிற்கும் முனைக்கும், எதிர்மூலை பக்கத்தையல் பிரிந்து நிற்கும் முனைக்கும் வரட்டும். மற்ற இரண்டு மூலைகள் முன்னும் பின்னும் குழித்தையலில் உட்காரும். நேர்நூலில் வெட்டிய சதுரத்தை இப்படி மூலைவாட்டாக வைத்தால், இழுவை வரும் திசையில் துணி கிராஸாக அமைந்துவிடும், நன்றாகக் கொடுக்கும். நான்கு மூலையிலும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, துணியைத் திருப்பித் தையுங்கள். மூலையைத் தாண்டி ஒரு தையல்கூடப் போகக் கூடாது. போனால் அங்கே முடிச்சுப் போலச் சுருக்கம் விழும்.

இறக்கிய குழியை இது முழுக்கச் சரிசெய்யாது. கை தூக்க முடியும். மார்பிலும் அக்குளை ஒட்டிக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி

கணக்கெல்லாம் சரிதான் தம்பி. புது வரைவை நேரே கண்டாங்கியில் வெட்டிவிடப் போகிறாள் இந்தப் பெண். முதலில் காடாத் துணியில் ஒரு பக்கக் கையாவது தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்குக் கொஞ்சம் பணம் போனாலும் சேலை பிழைக்கும்.

பள்ளத்தூர்க்காரி

ஆச்சி சொன்னபடியே காடாவில் தைத்துப் பார்த்தேன். பிடரியிலிருந்து நாடா வரை 7¾ வந்தது, முக்கால் சேர்த்து 8½. வரைந்த பிறகு குழிச் சுற்று 17, வளைவு 4¾. கையை நேர்மேலே தூக்கினால் கீழ்விளிம்பு ஓர் அங்குலம்தான் ஏறுகிறது. தொங்கவிட்டால் அக்குளருகே ஒரு மடிப்பு தெரிகிறது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பழைய குர்தாவுக்கும் அக்குள் துண்டு வைத்துவிட்டேன். இடது பக்கம் ஒரு மூலை சுருங்கியிருக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும்.

அடுத்த சேலை ஊறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கேள்வி: உடம்பின் கட்டமும் கையின் கட்டமும் ஒரே வரிசையில் வர என்ன வழி? சென்ற முறை ஏறுக்கு மாறாக வந்தது.

கத்தரி, காரைக்குடி

முன்பக்கத் தாளில் அக்குள் மூலையிலிருந்து குழியின் வளைவோடு 3 அங்குலம் மேலே ஒரு குறி போடுங்கள். கைத்தாளிலும் முன்பக்க வளைவில் அதே 3 அங்குலத்தில் குறி. உடம்பை வெட்டிய பிறகு, அந்தக் குறி கட்டத்தின் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்து, கைத்தாளின் குறியையும் அதே கோட்டில் வைத்து வெட்டுங்கள். குறிவரை கட்டம் சேரும். அதற்கு மேலே வளைவு திரும்பிவிடுவதால் சேராது, அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். பின்பக்கத்தை விட்டுவிடுங்கள், பார்ப்பவர் கண் முன்பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு கைகளையும் துணியை மடித்துப் போட்டு ஒன்றாக வெட்டாதீர்கள். ஒரு கையை வெட்டி, அதையே கவிழ்த்துத் துணியின் மேல் வைத்து, கட்டம் கட்டத்தோடு பொருந்தி மறையும்படி நகர்த்திவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

தறிவீடு

இப்படி வெட்டினால் துணி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். கட்டம் பெரியதாக இருந்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு கட்டத்தின் நீளம் வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தியை முதலிலேயே வெட்டி ஒதுக்கிவிடாதீர்கள்.