பி.டி. பீரியட்ல மேத்ஸ் டெஸ்ட் வைக்கிறாங்க, ஸ்கூல்ல போய் கேக்கலாமா? (வேலூர்)

காட்பாடி அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க காட்பாடில இருக்கோம், பொண்ணு எட்டாவது, வேலூர்ல ஒரு பிரைவேட் ஸ்கூல், பேரு வேணாம். டைம்டேபிள்ல வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் போட்டிருக்காங்க, ஆனா ஒண்ணுல மேத்ஸ் டெஸ்ட் வெச்சிடுறாங்க, இன்னொண்ணுல சயின்ஸ் மிஸ் வந்து போர்ஷன் முடிக்கணும்னு உக்கார வெச்சிடுறாங்க. கிரவுண்டுனு ஒண்ணு இருக்கு, அதுல பாதில ஸ்கூல் வேன் நிக்குது. ஸ்போர்ட்ஸ் டே வந்தா மட்டும் மாஸ் டிரில்லுக்கு வெயில்ல நிக்க வெச்சு பிராக்டீஸ் குடுப்பாங்க.

எனக்கு கவலை என்னன்னா பொண்ணு முன்ன மாதிரி இல்ல. வீட்டுக்கு வந்தா டியூஷன், அப்புறம் போன், ராத்திரி தூக்கம் வர்றதில்ல, காலைல எழுப்பவே முடியல, சின்ன விஷயத்துக்கெல்லாம் அழறா. வெயிட்டும் ஏறியிருக்கு. சரி ஸ்கூல்ல கேக்கலாம்னு கிளம்பினா அவளே "வேணாம்மா, பி.டி. இல்லாம இருக்கறதே நல்லது"ங்கறா. ஏன்னு நோண்டி கேட்டா, ரெண்டு பேர கேப்டனா நிக்க வெச்சு டீம் எடுக்க சொல்லுவாங்களாம், இவள கடைசில தான் எடுப்பாங்களாம், த்ரோபால்ல பந்த விட்டா பசங்க சிரிக்கறாங்களாம். அவ அப்பா வேற பத்தாவதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் தான் இருக்கு, விளையாட்டுக்காக போய் சண்ட போடுவியானு கேக்கறார். நான் கேக்கறது சரியா, கேட்டா எப்படி கேக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாகாயம் ராஜா

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு உங்க வீட்டுக்காரர் சொல்றது தான் சரினு படுது. நம்ம ஊர்ல மார்க் இருந்தா தான் சீட்டு, சீட்டு இருந்தா தான் வேல, அது தான் நெலம. விளையாட்டு டேலன்ட் இருக்கற பசங்களுக்கு வேணும், நான் இல்லன்னு சொல்லல. நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014ல கிளாஸ்கோல, 2018ல கோல்ட் கோஸ்ட்ல, ரெண்டு தடவ காமன்வெல்த்ல தங்கம் தூக்கினார், அவங்க அப்பாவும் வெயிட்லிஃப்டர், வீட்டுலயே அந்த பழக்கம் இருந்துச்சு. அந்த மாதிரி புள்ளைங்கள தனியா கோச்சிங் அனுப்பலாம். மத்த புள்ளைங்களுக்கு வாரத்துல ரெண்டு பீரியட் ஓடி இன்னா ஆவப்போவுது, அந்த நேரத்துல ரெண்டு சம் போட்டா பரிட்சைல உதவும். நானும் ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கறவன் தான், அக்கறைல தான் சொல்றேன்.

குடியாத்தம் பி.டி. சார்

மேடம், நான் குடியாத்தம் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல்ல பி.இ.டி.யா இருக்கேன். தாராளமா போய் கேளுங்க, கேக்க வேண்டிய விஷயம் தான் இது.

ராஜா சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பி.டி. பீரியட் சதீஷ் மாதிரி ஆளுங்களுக்காக வெச்சதில்ல. நல்லா விளையாடற பையன் எப்படியும் விளையாடிடுவான், சாயந்திரம் பாலாத்து மணல்ல ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவான், லீவுல கோட்டை மைதானத்துக்கு போயிடுவான், குறுவட்ட போட்டி, பாரதியார் தின போட்டி, மாவட்டம்னு அவன் பாட்டுக்கு போயிட்டே இருப்பான். அந்த பீரியட் யாருக்குனா இந்த மேடம் பொண்ணு மாதிரி, ஸ்கூல விட்டா ஓட வேற இடமே இல்லாத புள்ளைக்கு. பொம்பள புள்ளைங்க எத்தன பேர் சாயந்திரம் தெருவுல விளையாடுறாங்க சொல்லுங்க, ஏழாவது எட்டாவது வந்தாலே வீட்டுக்குள்ள தான். அவங்க வாரம் பூரா ஓடறது அந்த ரெண்டு பீரியட் மட்டும் தான், அதையும் புடுங்கிட்டா பூஜ்யம்.

அப்புறம் அந்த கேப்டன் டீம் எடுக்கற முறை, அத படிச்சதும் எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அத எல்லா ஸ்கூல்லயும் நிறுத்தணும். நாப்பது புள்ளைங்க முன்னாடி ஒருத்திய கடைசியா நிக்க வெக்கறது அவளுக்கு என்ன கத்துக்குடுக்கும், "உனக்கு இது வராது"னு தான் கத்துக்குடுக்கும். நான் வரிசைல நிக்க வெச்சு ஒண்ணு ரெண்டு மூணு நாலுனு எண்ண சொல்லுவேன், ஒண்ணெல்லாம் ஒரு டீம், ரெண்டெல்லாம் ஒரு டீம், முடிஞ்சுது. அதே மாதிரி அவுட்டானா வெளிய உக்காருனு சொல்ற விளையாட்டுகள கொறைச்சிட்டேன், ஏன்னா யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்த புள்ள தான் மொதல்ல அவுட்டாகி பீரியட் பூரா செவுத்தோரம் உக்காந்திருக்கும். ஒரே ஒரு வாலிபால வெச்சு நாப்பது பேர் ஆடினா முப்பது பேர் வேடிக்க தான் பாப்பாங்க, அதுக்கு பதிலா ஆறு ஆறு பேரா பிரிச்சு ஆளுக்கொரு வேல குடுத்தா எல்லார் கைலயும் பந்து படும். பந்து இல்லயா, ஸ்கிப்பிங் கயிறு போதும், நொண்டி, கிளித்தட்டு, சிலம்பத்துக்கு ரெண்டு கம்பு. கோ-கோவுக்கு 27 மீட்டருக்கு 16 மீட்டர் எடம் இருந்தா போதும், பந்தும் வேணாம் மட்டையும் வேணாம் ரெண்டு கம்பம் தான் செலவு, அந்த வேனுங்கள ஓரமா நிறுத்த சொன்னாலே உங்க ஸ்கூல்ல அந்த எடம் கெடைக்கும். 2025 ஜனவரில டெல்லில மொத மொத கோ-கோ உலகக்கோப்ப நடந்துச்சு, ஆண்கள் பெண்கள் ரெண்டுலயும் நம்ம நாடு தான் ஜெயிச்சுது, புள்ளைங்ககிட்ட இத சொன்னா கண்ணு விரியும்.

இன்னொரு விஷயம், லேட்டா வந்தா ரெண்டு ரவுண்ட் ஓடு, ஹோம்வொர்க் செய்யலன்னா தோப்புக்கரணம் போடுனு சொல்றதும் இதே கெடுதல் தான். ஓட்டத்த தண்டனையா ஆக்கிட்டு அப்புறம் ஆசையா ஓடுனு சொன்னா எப்படி ஓடும். உடம்ப வருத்தற தண்டனை கூடாதுனு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு.

பீரியட் கடன் வாங்கற விஷயத்துக்கு வர்றேன், இது பிரைவேட் கவர்மென்ட்னு பாகுபாடில்லாம எல்லா எடத்துலயும் இருக்கு. 2023ல உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்தப்போ, பி.டி. பீரியட கணக்கு அறிவியல் ஆசிரியருங்க கடன் வாங்காதீங்கனு மேடைலயே கேட்டுக்கிட்டார். சிபிஎஸ்இல 2018லயே ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் தினம் ஒரு பீரியட் உடற்கல்விக்குனு கட்டாயமாக்கினாங்க. சொல்றது எல்லாம் இருக்கு, கேக்க பெத்தவங்க வரணும். ஹெச்.எம். ரூமுக்கு மார்க் கொறஞ்சுதுனு வர்ற அப்பா அம்மா நெறைய, என் புள்ள ஏன் விளையாடலனு கேட்டு வந்தவங்க என் சர்வீஸ்ல ரொம்ப கொறைச்சல்.

பிசியோ கவிதா

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட், வேலூர்ல தான் வேல. பதிமூணு பதினாலு வயசு புள்ளைங்க கழுத்து வலி முதுகு வலினு எங்ககிட்ட வர்றது எங்களுக்கு இப்போ சாதாரணமா ஆயிடுச்சு, அது சாதாரணமா இருக்க கூடாத விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்கற அளவுக்கு ஓடியாடணும், அதுல வாரத்துக்கு மூணு நாளாவது எலும்பும் தசையும் வலுவாகற மாதிரி குதிக்கறது ஏறறதுனு இருக்கணும். ஆனா அவங்களே எடுத்த கணக்குல, 2016 நெலவரப்படி உலகம் பூரா 11லேர்ந்து 17 வயசுல 81 சதவீதம் புள்ளைங்க அந்த அளவு செய்யறதில்ல, பொண்ணுங்கள்ல 85 சதவீதம். அதனால உங்க பொண்ணு மட்டும் சோம்பேறினு நெனச்சிடாதீங்க. பொண்ணுங்களுக்கு எலும்போட உறுதி கிட்டத்தட்ட 90 சதவீதம் 18 வயசுக்குள்ளயே சேந்துடும், பின்னாடி சேத்துக்கலாம்னு தள்ளிப்போட முடியாது.

கண்ணும் இருக்கு. சீனால குவாங்சோல ஸ்கூல் புள்ளைங்கள வெச்சு ஒரு ஆய்வு, 2015ல வந்துச்சு, தினமும் ஸ்கூல்ல கூடுதலா 40 நிமிஷம் வெளில விட்டாங்க, மூணு வருஷம் கழிச்சு பாத்தா புதுசா கிட்டப்பார்வை வந்தவங்க அந்த ஸ்கூல்கள்ல 30.4 சதவீதம், அப்படி கூடுதலா விடாத ஸ்கூல்கள்ல 39.5. பாதி கிளாஸ் கண்ணாடி போட்டிருக்கற காலத்துல இது சின்ன விஷயமில்ல.

மார்க் கொறையும்னு பயப்படறவங்களுக்கு, அமெரிக்கால சிடிசினு அரசோட நோய்த்தடுப்பு மையம் 2010ல 50 ஆய்வுகள ஒண்ணா வெச்சு பாத்தாங்க. பள்ளில உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் என்ன தொடர்புனு. பாதிக்கு கொஞ்சம் மேல நல்ல தொடர்பு, மீதி கிட்டத்தட்ட எல்லாத்துலயும் வித்தியாசமே இல்ல, கெடுதல்னு வந்தது 1.5 சதவீதம் தான். ராஜா அண்ணா, இத உங்க புள்ளைங்களுக்காகவும் தான் சொல்றேன்.

தூக்கம், அழுகை, எரிச்சல் பத்தி சொன்னீங்க. பகல்ல உடம்பு அசஞ்சா ராத்திரி தூக்கம் வரும், தூங்கினா மறுநாள் மனசு கொஞ்சம் நிக்கும், இது ஒண்ணோட ஒண்ணு கோத்தது. ஆனா எல்லாத்துக்கும் விளையாட்டே மருந்துனு நான் சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு வாரத்துக்கு மேல அழுகை போகலன்னா, தனியா ஒதுங்கினா, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, தள்ளிப்போடாதீங்க. முக்கியமா ஹீமோகுளோபின் ஒரு தடவ பாத்துடுங்க. நாட்டுல 15லேர்ந்து 19 வயசு பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகைனு தேசிய குடும்பநல சர்வே (2019-21) சொல்லுது. ரெண்டு ரவுண்டுல மூச்சு வாங்கற பொண்ண சோம்பேறினு திட்டறோம், ரத்தமே கம்மியா இருந்தா அவ என்ன செய்வா.

சத்துவாச்சாரி பானு

கவிதா சொன்னதோட இதையும் சேத்துக்கறேன், இத யாரும் வெளிப்படையா பேச மாட்டேங்கறாங்க. பெரிய பொண்ணுங்க பி.டி.க்கு போகாம இருக்கறதுக்கு பாதி காரணம் டிரெஸ்ஸும் பாத்ரூமும் தான். வெள்ள யூனிஃபார்ம போட்டுட்டு அந்த மூணு நாள்ல எந்த பொண்ணு குதிப்பா? பாத்ரூம்ல தண்ணி வராது, பேட் போட குப்பத்தொட்டி இருக்காது, பி.டி. சார்கிட்ட சொல்ல வாய் வராது, அதனால வயித்து வலினு சொல்லி உக்காந்துடுவாங்க, அது அப்படியே வழக்கமாயிடும். எங்க பொண்ணு ஸ்கூல்ல நாங்க கேட்டது ரொம்ப சின்ன விஷயம், பி.டி. நாள்ல கருநீல டிராக் பேண்ட், லூசா டி-ஷர்ட், பொண்ணுங்களுக்கு ஒரு லேடி டீச்சர் கூட நிக்கணும். அத செஞ்சாங்க, இப்போ பொண்ணுங்க எறங்கி ஆடுறாங்க. அக்கா, உங்க பொண்ணுகிட்ட அந்த கோணத்துலயும் மெதுவா கேட்டு பாருங்க, அவ சொல்லாம வெச்சிருக்கலாம்.

அப்புறம் நம்ம ஊரு வெயில். ஜூன்ல ஸ்கூல் தொறந்தா கூட மத்தியானம் கிரவுண்டுல கால் வெக்க முடியாது. பி.டி.ய மொத பீரியட்ல இல்ல கடைசி பீரியட்ல போட சொல்லுங்க, நடுவுல தண்ணி குடிக்க விட சொல்லுங்க. நெறைய புள்ளைங்க காலைல வெறும் வயித்தோட வேன் ஏறுது, அசெம்பிளில மயங்கி விழறதெல்லாம் அதனால தான்.

பாகாயம் ராஜா

பானு மேடம் சொன்னது எனக்கு தோணவே இல்ல, என் பொண்ணும் ஏழாவது தான். வயித்து வலினு அவளும் அடிக்கடி சொல்றா, இன்னைக்கு அவங்க அம்மாவ விட்டு கேக்க சொல்றேன். பத்தாவது வந்தா பீரியட் விட்டுக்குடுக்க தான் வேணும்னு இன்னும் எனக்கு தோணுது, ஆனா எட்டாவதுலயே வேணாம், அது ஒத்துக்கறேன்.

காட்பாடி அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு. பானு சொன்ன மாதிரி கேட்டேன், அதுவும் ஒரு காரணம் தான், வெள்ள யூனிஃபார்ம் பயம். ரத்த டெஸ்ட் சனிக்கிழம எடுக்கறோம். சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஸ்கூல்ல போய் நான் என்னன்னு கேக்கறது, பி.டி. சார் மேல கம்ப்ளெயின்ட் மாதிரி ஆயிட கூடாது, பாவம் அவருக்கே பீரியட் குடுக்கறதில்ல.

குடியாத்தம் பி.டி. சார்

மேடம், அந்த நெனப்பு இருக்கே, அதுவே போதும். முடிஞ்சா மொதல்ல அந்த சார தனியா பாத்து பேசுங்க, அவரும் உள்ளுக்குள்ள இதே வருத்தத்துல தான் இருப்பார், நீங்க கேட்டா அவருக்கு பலம். அப்புறம் பிரின்சிபாலுக்கு லெட்டரா எழுதி குடுங்க, வாய்ல சொன்னா மறந்துடுவாங்க. பெரிய கோரிக்கை எதுவும் வேணாம், ரெண்டு பீரியடையும் வேற பாடத்துக்கு எடுக்க கூடாது, அத மொத பீரியடுக்கோ கடைசிக்கோ மாத்தணும், அந்த நேரத்துல வேனுங்கள வெளிய எடுக்கணும், பொண்ணுங்களுக்கு டிராக் பேண்ட், டீம் எண்ணி பிரிக்கணும். இதுல எதுக்கும் ஸ்கூலுக்கு காசு செலவில்ல, அதனால முடியாதுனு சொல்ல கஷ்டம். கூட ரெண்டு மூணு பெத்தவங்க கையெழுத்தும் வாங்கிட்டு போங்க, தனியா போனா உங்க பொண்ணோட பிரச்சினைனு பேசி முடிச்சிடுவாங்க. லெட்டர் ரெண்டு காபி எடுத்து ஒண்ணுல ஆபீஸ் சீல் போட்டு வாங்கி வெச்சுக்கங்க.

அது வரைக்கும் சாயந்திரம் டியூஷனுக்கு முன்னாடி அரை மணி நேரம் அவ கூட நீங்களும் மாடில ஸ்கிப்பிங் ஆடுங்க, யாரும் எண்ண வேணாம். என்ன பதில் வந்துச்சுனு இங்கயே எழுதுங்க, லெட்டர் எழுத உதவி வேணும்னா நான் பாத்து தர்றேன்.